பூக்கல்லாயிக்கு ஜாமீன் கிடையாது

"தொடாதீங்க சார், கையக் கழுவாம..."

"க்ளவுஸ் போட்டிருக்கோம்மா. மிக்கேல், நீ அந்தப் பக்கம் பிடி."

"செருப்பையாச்சும் கழட்டுங்களேன்! ஏங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன், மரமாட்டம் நின்னுக்கிட்டு..."

"நான் என்னாத்த சொல்ல? சாருதான் பேசிக்கிட்டே இருக்காருல்ல..."

"நான் பேசல. அறிவிச்சிக்கிட்டு இருக்கேன். மேற்படி பொருளானது, கஞ்சாவுக்கு இணையான வஸ்துவைத் தன் உடம்பில் வைத்திருந்த குற்றத்துக்காக..."

"எந்த உடம்புல சார்? அது கல்லு!"

"இப்ப கல்லு. முன்னாடி?"

"முன்னாடி சாமி."

"அதுக்கும் முன்னாடி?"

மலர்கொடிக்குப் பதில் தெரியவில்லை. பூக்கல்லாயி சாமியாவதற்கு முன்பு என்னவாக இருந்தாள் என்று அவளுடைய மாமியார் சொல்லிவிட்டுப் போகவில்லை.

"பாத்தியா, பதில் இல்ல. மிக்கேல், எழுதிக்கோ. முன்வாழ்க்கை குறித்துக் கேட்டபோது மௌனம்."

முதன்மைத் தடுப்பு அலுவலர் காசிநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஓடைக்காரையில் ஆடி மாதத்துக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஊரோரத்துக் கல்மேடான கரட்டின் அடியில் மூன்று பக்கம் செங்கல், மேலே ஒரு தகரம். அதுதான் கோயில். உள்ளே கவிழ்த்த தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கல். கல்லின் தலையில் ஐந்து இதழ் விரித்த பூ. அதை யாரும் செதுக்கியதில்லை. அது மழைக்குப் பின் கரட்டில் கிடந்தது. மலர்கொடியின் புருசன் அய்யாக்கண்ணுவின் பாட்டனுக்குப் பாட்டன் எடுத்து வைத்துக் கும்பிட்டார். இன்று வரைக்கும் பங்காளிகள் எல்லோருக்கும் அவள்தான் குலதெய்வம்.

"இது என்ன தட்டு?"

"பத்திரிகை சார். எம் மவ சிவரஞ்சனிக்குக் கல்யாணம். ஆவணியில முகூர்த்தம். மொதப் பத்திரிகை ஆயிக்கு வச்சாத்தான் அடுத்த வூட்டுக்குக் குடுக்கலாம். அதுக்குத்தான் வந்தோம், நீங்களும் வந்துட்டீங்க."

"அதாவது, இதுக்குத் தகவல் குடுத்த பிறகுதான் மத்தவங்களுக்குத் தகவல் போகும்."

"ஆமா சார்."

"இது சம்மதிக்காம எதுவும் நடக்காது."

"எப்புடி சார் நடக்கும்?"

காசிநாதனின் முகம் மலர்ந்தது. "மிக்கேல், எழுதிக்கோ. கும்பலின் தலைமை இதுதான். அந்தப் பத்திரிகையையும் எடு."

காவலர் மிக்கேல் வரதராஜன்பேட்டைக்காரர். நெடுநாள் சர்வீஸ். உத்தரவு இல்லாமல் தும்ம மாட்டார். உத்தரவில் சந்தேகம் இருந்தால், கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகுதான் தும்முவார். இப்போது கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு ஜீப் அருகில் நின்றார்.

"சார், சீட்டுல வைக்கட்டா, மடியில வைக்கட்டா?"

"மடியில வைங்க ஏட்டய்யா!" என்று மலர்கொடி ஓடி வந்தாள். "கீழ மட்டும் வச்சிராதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

"சார், அந்த அம்மா மடின்னு சொல்றாங்க. அத உத்தரவா எடுத்துக்கட்டா?"

*

போதை ஏறியவர்களைப் பிடிப்பது போலீசாரின் வேலை. போதை ஏறுவதற்கு முன்பே பிடிப்பதற்கென்று ஏற்படுத்தப்பட்டதுதான் பெரம்பலூரில் இருந்த போதை முன்தடுப்பு அலுவலகம். அதனால் அங்கே பிடிபட்டவர்களில் போதையில் இருந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அது அந்த அலுவலகத்தின் சாதனையாகவே கருதப்பட்டது. ஆனாலும் அரையாண்டு இலக்கு என்று ஒன்று இருக்கிறதே. அந்த 2006ஆம் வருடம் இலக்கு எட்டாமல் காசிநாதன் தவித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் திருமுருகன் பேசினார்.

திருமுருகன் தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் விரிவுரையாளர். அரியலூரில் ஓர் அறிவியல் கூட்டத்தில், கடலில் வாழும் சில உயிர்களின் உடம்பில் கஞ்சாவின் சத்தைப் போலவே வேலை செய்யும் பொருள்கள் இருப்பதாக விளக்கினார். உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளோடு கடலடியில் ஊரும் கடல் முள்ளெலியில் இருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கடலையே அதிகம் பார்க்காதவர்கள். அவர்களுக்குக் கடல் முள்ளெலி எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமே. ஒரு காலத்தில் இந்தச் சீமை முழுக்கக் கடலாக இருந்தது, அதில் வாழ்ந்த முள்ளெலிகள் இன்றும் கல்லாகக் கிடக்கின்றன என்று சொல்லி, தான் டி.வி.எஸ். ஐம்பதில் போய் எடுத்துவந்த பூக்கல்லாயியின் படத்தைத் திரையில் காட்டினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. "ஓடைக்காரை கோயிலில் கஞ்சாப் பிராணி." அதற்கடுத்த நாள் ஜீப் வந்தது.

பிடித்துக்கொண்டு போன மாலையே காசிநாதன் நிருபர்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

"நமது மாவட்டத்தில் கடலே இல்லை. இருந்தும், கடல்வழிக் கடத்தலை நாம் முறியடித்திருக்கிறோம். கடல் இருக்கிற மாவட்டத்து அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்."

"கடத்தல் எப்ப சார் நடந்துச்சு?"

"சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கண்டுபிடிப்பதில் சற்றுத் தாமதம் ஏற்பட்டதற்கு ஆள் பற்றாக்குறையே காரணம். காலிப் பணியிடங்களை நிரப்பினால் இத்தகைய குற்றங்களை இன்னும் விரைவாகக் கண்டுபிடிக்க முடியும்."

*

"பெஞ்சில உக்காருங்க. அந்தப் பெஞ்சு இல்ல, இது. அது குற்றவாளிகளுக்கு. இது குற்றம் சாட்டப்படப் போறவங்களுக்கு."

பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து விசாரித்து அலுவலகத்தைக் கண்டுபிடித்து வந்திருந்தார்கள் மலர்கொடியும் அய்யாக்கண்ணுவும். மிக்கேல் காட்டிய பெஞ்சில் உட்கார்ந்ததும் மலர்கொடி முதலில் தேடியது ஆயியைத்தான். இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில், கழுத்து இல்லாத கல்லுக்குக் கழுத்தில் கட்டுவது போல வழக்கு எண் எழுதிய அட்டை கட்டி வைத்திருந்தார்கள்.

"நாற்காலி குடுத்திருக்காங்க," என்றார் அய்யாக்கண்ணு, கொஞ்சம் ஆறுதலாக.

"சீனியாரிட்டி," என்றார் மிக்கேல். "எங்க ஆபீசுல எல்லாம் சீனியாரிட்டிப்படிதான். டீ வந்தா மொதல்ல சாருக்கு. அப்புறம் சூப்பிரண்டுக்கு. கையெழுத்து, மாலை, திட்டு எல்லாமே அந்த வரிசைதான். பறிமுதல் பொருளுக்கும் அப்புடித்தான். இது பத்து கோடி வருசத்துக்குச் சீனியர்னு தெரிஞ்சதும் சூப்பிரண்டு தன் நாற்காலியக் குடுத்துட்டு ஸ்டூலுக்குப் போயிட்டாரு."

காசிநாதன் கூப்பிட்டார். மலர்கொடி கைகூப்பிக்கொண்டே போனாள்.

"சார், ஆயிய இப்ப குடுக்காட்டிப் போகுது. பத்திரிகைய மட்டும் ஒரு நிமிசம் முன்னால வச்சிட்டு எடுத்துக்கறேன். கல்யாண வேலை அப்புடியே நிக்கிது சார். ஒரு வூட்டுக்குக்கூடக் குடுக்க முடியல."

"எந்தப் பத்திரிகை?"

"நீங்க எடுத்தாந்தீங்களே, அதான்."

"அது சான்று. கல்லும் சான்று. ஒரே வழக்கில் சான்றும் சான்றும் சந்திக்கக் கூடாது. பேசி வச்சிக்கும்."

"கல்லும் காயிதமுமா சார்?"

"சட்டத்துக்கு எல்லாரும் சமம்மா."

"சரி, வூட்டுல கட்டுக் கட்டா இருக்கு. வேற ஒண்ணு கொண்டாந்து வைக்கட்டுங்களா?"

"அது புதுச் சான்று. புது வழக்கு. கொண்டுவர்றதா இருந்தா இந்த மாசத்துக்குள்ள கொண்டுவாம்மா, அரையாண்டுக் கணக்குல சேத்துக்கலாம்."

பிறகு அவர் பறிமுதல் செய்த பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். மஞ்சள் தடவிய ஓரத்தை ஒரு பென்சிலால் தள்ளிவிட்டுப் படித்தார்.

"'தங்கள் நல்வரவை நாடும்.' இதுக்குக் கீழ எத்தனை பேரு! பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், பங்காளிகள். ஒவ்வொருத்தன் பேருக்குப் பக்கத்துலயும் ஊரு, தொழிலு. உரக்கடை, லாரி, டிராக்டர், வங்கி, ஆசிரியர்..." அவர் பென்சிலால் ஒவ்வொரு பேராக எண்ணிப் பார்த்தார். "என் சர்வீசுல எத்தனையோ கும்பலைப் பிடிச்சிருக்கேன். ஒரு கும்பல்கூடத் தன் பேர் வரிசையை இவ்வளவு ஒழுங்கா அச்சடிச்சு வச்சதில்ல. மிக்கேல், இதுல இருக்கற எல்லாருக்கும் சம்மன் அனுப்பு."

"குழந்தைங்க பேரும் இருக்கு சார். 'மழலைச் செல்வங்கள்'னு கடைசில. அவங்களுக்கும் அனுப்பட்டா?"

"பயிற்சி பெறுவோர்னு போட்டு அனுப்பு."

*

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அய்யாக்கண்ணு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏய், நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. கரட்டுல இதே மாதிரி பூப்போட்ட கல்லு எவ்வளவோ கெடக்கு. ஒண்ண எடுத்தாந்து, தண்ணி ஊத்தி, மஞ்சளத் தடவி..."

"ஒங்க அம்மா தொலஞ்சு போனா, ஊருல எவ்வளவோ கெழவிங்க இருக்காங்கன்னு ஒண்ணக் கூட்டியாந்து திருநீறு பூசி வச்சிக்குவீங்களா?"

"அது வேற, இது வேற."

"எது வேற? சொல்லுங்க, எது வேற?"

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த யோசனை எப்படியோ காசிநாதன் காதுக்கும் போனது. அடுத்த நாள் கரட்டின் அடியில் ஒரு பலகை முளைத்தது. "இக்கரடு கண்காணிப்பில் உள்ளது. இங்கு உட்காருதல், படுத்தல், முகர்தல் குற்றம்." ஆடு மேய்த்த வீராயி மட்டும் அதைக் கேள்விப்பட்டு, தன் ஆடுகள் முகராமல் மேயுமா என்று மிக்கேலிடம் கேட்டாள். மிக்கேல் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

சம்மன் எல்லாம் போய்ச் சேர்ந்த மறுநாள், வீட்டு வாசலில் அய்யாக்கண்ணுவின் அக்கா சுந்தராம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். எறையூரிலிருந்து வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கே சர்க்கரை ஆலையில் வேலை.

"வாங்க அண்ணி, எப்ப வந்தீங்க? உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீங்க..."

"நான் ஒக்கார வரல. ஏண்டா தம்பி, பத்திரிகைல எம் புருசன் பேரு இல்ல. கேட்டேன். அச்சாபீஸ்காரன் விட்டுட்டான்னு சொன்ன. சரின்னு வாய மூடிக்கிட்டேன். இப்ப கேஸ்லயும் இல்லயே, அதையும் அச்சாபீஸ்காரன் விட்டுட்டானா?"

"அக்கா, கேஸ்ல பேரு இல்லாதது நல்லதுக்கா..."

"எது நல்லது? ஒன் பொண்டாட்டியோட சித்தப்பனுக்குச் சம்மன் வந்திருக்கு. ஒண்ணுவுட்ட மச்சானுக்கு வந்திருக்கு. ஒன் கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுத்த நாத்தனா நானு. பொண்ணுக்குச் சொந்த அத்தை மாமன். எங்களுக்கு ஒரு சம்மன் கெடையாது. எறையூருல நாலு பேரு கேக்கறாங்க, ஒந் தம்பி வூட்டுக் கேசாமே, ஒனக்கு ஒண்ணும் இல்லியான்னு. நான் மூஞ்ச எங்க கொண்டு வச்சிக்கறது?"

"அண்ணி, அது செயிலுக்குப் போற கேசு."

"போனா எல்லாருமா போவோம். எங்கள மட்டும் ஒதுக்கறதுக்கு நாங்க என்ன வேத்தாளா?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சுந்தராம்பாள் புருசனை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

"இவரையும் சேத்துக்குங்க சார்."

"இவருக்கு மேற்படி கடல் பிராணியோடு என்ன தொடர்பு?" என்றார் காசிநாதன்.

"எல்லாத் தொடர்பும் உண்டு சார். ரெண்டு தடவ கெடா வெட்டியிருக்காரு. தகரம் போட்டதே இவருதான்."

"தளவாட உதவி. மிக்கேல், எழுதிக்கோ."

"ஒரு நிமிசம் சார். ஒண்ணுவுட்ட மச்சானுக்கு மேல எழுதுங்க. கீழ எழுதினா ஒத்துக்க மாட்டேன்."

செய்தி பரவியது. அச்சாபீசில் விடுபட்டவர்கள், பெயருக்குப் பின்னால் பட்டம் போடாமல் விடப்பட்டவர்கள், முன்பகையால் வேண்டுமென்றே விடப்பட்டவர்கள் என்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பத்திரிகையில் கிடைக்காத இடத்தை வழக்கில் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பெரியப்பா தன் பெயருக்குப் பின்னால் 'ஓய்வு' என்று போட வேண்டும் என்று தகராறு செய்தார். காசிநாதனின் அரையாண்டு இலக்கு எட்டியது. ஆண்டு இலக்கும் எட்டியது. தலைமையிலிருந்து பாராட்டு வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், சீனியாரிட்டிப்படி. முதல் டீ ஆயியின் முன்னால் வைக்கப்பட்டு, ஆறிய பிறகு மிக்கேலுக்குக் கொடுக்கப்பட்டது.

கடைசியாக வேப்பந்தட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வீரமுத்து வந்தார். மாப்பிள்ளை அருள்முருகன் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் அய்யாக்கண்ணு வீட்டுக்கு வந்தார்கள்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. ஏய், மோரு கொண்டா."

"மோரு கெடக்கட்டும் சம்பந்தி. கேஸ்ல எங்க பேரு எங்க இருக்குன்னு பாத்தீங்களா? ஒங்க பங்காளி எல்லாம் முடிஞ்சு, ஒங்க மச்சினனோட சகலைக்கும் கீழ. மாப்பிள்ளை வூட்டுக்காரன் கடைசியாவா போய் ஆஜராகறது?"

"அது அவங்க ஆபீசுல சீனியாரிட்டின்னு..."

"அது இருக்கட்டும். நான் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிர்றேன். கஞ்சாக் கேசு, கடத்தல் கேசு, அதப் பத்தியெல்லாம் எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எந்தக் குடும்பத்துல கேசு இல்ல? ஆனா, மொதப் பத்திரிகை வைக்காத கல்யாணத்துல எங்க சனம் கை நனைக்காது. ஆடி கழியறதுக்குள்ள ஆயி முன்னால பத்திரிகை இருக்கணும். இல்லாட்டி, வேற எடம் பாத்துக்குங்க, நாங்களும் பாத்துக்கறோம்."

அருள்முருகன், "அப்பா..." என்றான்.

"நீ சும்மா இரு. ஒனக்குத்தான் சொல்றேன்."

உள்ளே கதவிடுக்கில் நின்ற சிவரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். மலர்கொடி மோர்ச் செம்போடு அப்படியே நின்றாள். அவள் கண்ணுக்கு முன்னால் நாற்காலியில் அட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கல் வந்துபோனது.

*

"வாங்க விரிவுரையாளரே. உக்காருங்க. உங்க மேல நடவடிக்கை எதுவும் இல்ல, இப்போதைக்கு. வஸ்துவைப் பத்திக் கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க."

திருமுருகன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வாசல் பெஞ்சில் வழக்கம்போல மலர்கொடி. ஆயி கண்ணில் படுகிற இடத்துக்கு நகர்ந்து நகர்ந்து உட்காருவது அவளுக்குப் பழகிவிட்டது.

"சார், நான் சொன்னது உயிரோட இருக்கற கடல் முள்ளெலியப் பத்தி. இது செத்துக் கல்லாப் போனது. இதோட உடம்புல என்ன இருந்திருந்தாலும் அப்பவே அழிஞ்சு போயிருக்கும்."

"அதாவது, சாட்சியத்தை அழிச்சிருக்கு."

"சார், அது கஞ்சாவே கெடையாது. நம்ம மூளையில சின்னச் சின்னப் பூட்டு மாதிரி இருக்குன்னு வச்சிக்குங்க. கஞ்சாவோட சத்து அந்தப் பூட்டுலதான் போய் மாட்டுது. கடல் உயிர்ல இருக்கற பொருளும் அதே பூட்டுக்குப் பொருந்தற சாவி."

"கள்ளச்சாவி."

"இல்ல சார். அதுதான் நெசச் சாவி. கஞ்சாதான் கள்ளச்சாவி."

காசிநாதன் தன் நெற்றியைத் தட்டிப் பார்த்தார். "பூட்டு நம்ம மூளையில இருக்கு. சாவி கடல்ல இருக்கு. யாரு இதைப் பிரிச்சு வச்சது?"

"சாவி இங்கயும் இருக்கு சார். அந்தப் பொருள் மனுச மூளையிலயே ஊறுது. வலி குறைய, பசி எடுக்க, மனசு லேசாக எல்லாத்துக்கும் அது வேணும்."

"யாரு மூளையில?"

"எல்லாரு மூளையிலயும்."

"அரசு ஊழியர்?"

"அவங்களுக்கும்தான் சார்."

"கெசட்டட் ஆபீசர்?"

"மூளை இருந்தா இருக்கும் சார்," என்றார் திருமுருகன், பொதுவாக.

மிக்கேல் எழுதிக்கொண்டிருந்தார். "சார், இத அப்புடியே எழுதிக்கட்டா?"

"எழுது. விஞ்ஞானம்னா எழுதித்தான் ஆகணும். ஆனா வெளிய சொல்லாத. எல்லாருகிட்டயும் சரக்கு இருக்குன்னு தெரிஞ்சா, ஜனங்களுக்கு நம்ம ஆபீஸ் மேல பயம் போயிரும்."

போகும்போது திருமுருகன் பெஞ்சருகில் நின்றார். "என்னாலதாம்மா இவ்வளவும். மன்னிச்சிருங்க. படம் நல்லா இருந்துச்சேன்னு காட்டிட்டேன்."

"அத வுடுங்க சார். நீங்க சொன்னது நெசமா? அது எல்லாரு தலைக்குள்ளயும் இருக்கா?"

"நெசம்தாம்மா."

"உயிரோட இருக்கறவங்களுக்கா, செத்தவங்களுக்கா?"

"உயிரோட இருக்கறவங்களுக்குத்தான்."

மலர்கொடி தலையை ஆட்டினாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

*

கல்லைச் சோதிக்கும் பரிசோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது. கல்லை முழுதாக ஏற்பதற்கில்லை, தூளாக்கி அனுப்பவும் என்று அதில் இருந்தது. கூடவே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மேற்படி வஸ்து சுரக்கும் உயிருள்ள மூலத்திலிருந்தும் ஒரு மாதிரி வேண்டும். உயிருள்ள மூலத்தின் மாதிரியை முதலில் எடுத்து, அதன் பிறகே கல்லைத் தூளாக்க வேண்டும்.

உயிருள்ள கடல் முள்ளெலிக்குக் கடலுக்குப் போக வேண்டும். காசிநாதன் தலைமைக்கு எழுதினார். கடல் இல்லாத மாவட்டத்து ஊழியர் கடலுக்குப் பயணப்படி கேட்பது விதிகளில் இல்லை என்று தலைமை மறுத்தது. பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்தில் கடல் இருந்தது என்று காசிநாதன் விளக்கினார். அப்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று தலைமை சுட்டிக்காட்டியது. முடிவாக ஓர் உத்தரவு வந்தது. "தங்கள் எல்லைக்குள் கிடைக்கக்கூடிய உயிருள்ள மூலத்தையே பயன்படுத்திக்கொண்டு, உடனே பணியை முடிக்கவும்."

காசிநாதனுக்கு அந்த உத்தரவில் 'உடனே' என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. ஆடிக் கடைசி வெள்ளியன்று காலை அலுவலகத்தில் கல் தூளாக்கப்படும், எல்லோரும் வரவேண்டும் என்று சம்மன் போனது.

எல்லோரும் வந்தார்கள். சம்மன் பெயர் பெயராக வந்ததால் பட்டுப் புடவை, வெள்ளை வேட்டி என்று விசேஷத்துக்கு வருவது போலவே வந்தார்கள். சுந்தராம்பாள் முன் வரிசையில் இடம் பிடித்துப் புருசனை உட்கார வைத்தாள். வீரமுத்து அதைவிட முன்னால் போய் நின்றுகொண்டார். வாசலில் வெயில். நடுவில் ஒரு மேசை. மேசை மேல் ஆயி. அட்டையை அவிழ்த்திருந்தார்கள். பூவின் ஐந்து இதழும் பளிச்சென்று தெரிந்தன. பக்கத்தில் மிக்கேல், பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய சம்மட்டியோடு.

காசிநாதன் பேசினார்.

"அன்பர்களே! இது ஒரு வருத்தமான நாள், ஆனால் பெருமையான நாள். இந்தக் கல்லின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. ஒரு மாதமாக ஒரே அறையில் இருந்திருக்கிறோம். இது லஞ்சம் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. ஆனால் இதில் குற்றம் இருக்கிறதா இல்லையா என்பது இதை உடைத்தால்தான் தெரியும். இல்லை என்று தெரிந்தால், தூளைத் தகுந்த மரியாதையோடு குடும்பத்தாரிடம் ஒப்படைப்போம். அதுதான் நமது சட்டத்தின் அழகு."

கூட்டம் பழக்க தோஷத்தில் கை தட்டியது. அய்யாக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தூளுக்கு எப்புடிப் பத்திரிகை வைப்பாங்க?" என்று வீரமுத்து உரக்கக் கேட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்."

"மாமா," என்றாள் சிவரஞ்சனி. மாப்பிள்ளையின் அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மலர்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள். ஒரு கை ஆயியின் தலைமேல் இருந்தது.

"கையை எடும்மா. அரசாங்கப் பணியைத் தடுக்கிறது தனி வழக்கு."

"தடுக்கல சார். எனக்கு வெவரம் பத்தாது, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஆயிய ஒடைக்கறதுக்கு முன்னாடி, உயிரோட இருக்கற ஒண்ணுலேருந்து எடுக்கணும்னு எழுதியிருக்குன்னு ஏட்டய்யா சொன்னாரு. எடுத்துட்டீங்களா?"

காசிநாதன் மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்து விரித்தார்.

"எழுதியிருக்கு சார். உயிருள்ள மூலம் மொதல்ல. கல்லு அப்புறம். எல்லைக்குள்ள கெடைக்கறதப் பயன்படுத்தணும்னும் இருக்கு."

"அப்ப எழுதியிருக்கிறபடியே செய்! நம்ம ஆபீசுல உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேத்துறதுதான் வழக்கம். அதைக்கூடவா நான் நின்னு சொல்லணும்? கடல் முள்ளெலி இல்லாட்டி, வேற எதுல இருக்குன்னு அந்த விரிவுரையாளர் சொன்னாரே, குறிச்சு வச்சிருப்பல்ல, அதுல எடு!"

"குறிச்சிருக்கேன் சார்."

"எங்க கெடைக்கும்?"

"இங்கயே சார். மனுசத் தலைக்குள்ளன்னு எழுதியிருக்கேன். அரசு ஊழியரும் உண்டுன்னு எழுதியிருக்கேன். கெசட்டட் ஆபீசர் பத்தியும் ஒரு வரி இருக்கு."

சூப்பிரண்டு ஸ்டூலிலிருந்து எழுந்து, மெதுவாகக் கடைசி வரிசைக்குப் பின்னால் போனார். மலர்கொடி ஆயியின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் தடவிய புதுப் பத்திரிகையை எடுத்து, கல்லின் முன்னால் மேசைமேல் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் காசிநாதனின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிக்கேல் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சம்மட்டியைத் தோளுக்கு உயர்த்தி, எப்போதும் போல, சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்துகொள்வதற்காக காசிநாதன் பக்கம் ஓர் அடி முன்னால் வந்தார்.

"சார், சீனியாரிட்டிப்படியே ஆரம்பிச்சிரட்டா?"